நான்கு கதவுகள், ஒரு துடைப்பப் பலகை

எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் மாரிட்டா ஸ்டோல் செய்த முதல் காரியம், என் வெண்ணெய் பிரெட்சல் ரொட்டியின் மேல் உட்கார்ந்ததுதான். நாற்காலியில் வைத்தது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எழுந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"நான் வீட்டுக்காரி ஆயிட்டேன்," என்றார், ஏதோ தீராத நோய் வந்ததைச் சொல்லும் குரலில்.

"வாழ்த்துகள்!" என்றேன்.

"இருபத்திரண்டு நாளாச்சு தம்பி. ஒரு நாள் கூடத் தூங்கல."

இந்த ஸ்டுட்கார்ட்டில் முப்பது வருஷம் டிராம் ஓட்டியவர் அந்த அம்மாள். ஹெஸ்லாஹ் பக்கம் ஒரு பழைய இரண்டடுக்கு வீட்டை வாங்கியிருக்கிறார். மேல் வீட்டில் தான் இருந்துகொண்டு கீழ் வீட்டை வாடகைக்கு விடுவதாகத் திட்டம்.

"ஒரே வாசல். ஒரே மாடிப்படி. ஒரே துணிக்கொடி," என்று விரல் மடக்கினார். "டிராம்ல ஒரு ஆளைப் பிடிக்கலன்னா அடுத்த ஸ்டாப்புல அவனே இறங்கிப் போயிடுவான். இது வீடாச்சே! நம்ம சட்டத்துல குடித்தனக்காரரை உள்ள விட ஒரு கையெழுத்து போதும். வெளிய அனுப்பணும்னா ஆயுசு பத்தாது. தப்பான ஆளு வந்துட்டா சாகற வரைக்கும் மாடிப்படியில சண்டைதான். எனக்குப் பயமா இருக்கு."

சொல்லிவிட்டு அழுதார். நான் கைக்குட்டை கொடுத்தேன். என் பிரெட்சலை நினைத்து எனக்கும் அழுகை வந்தது, ஆனால் இருந்தது ஒரே கைக்குட்டைதான்.

மேசைக்குப் பின்னால் இருந்த என் முதலாளியம்மா வால்பூர்கா ஓட்லே கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரை ஊரே 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடும். முப்பத்தைந்து வருஷம் புகைபோக்கி சுத்தம் செய்த மாஸ்டர். இந்த ஊரில் அவர் கால் படாத வீடு கிடையாது. அறுபத்து மூன்றாம் வயதில் கறுப்புக் கோட்டைக் கழற்றாமலே துப்பறிய வந்துவிட்டார். நான் டில்மான், உதவியாளன். சட்டப் படிப்பைப் பாதியில் விட்டவன், அதுவும் இரண்டு தடவை.

"எத்தனை பேர் வீடு கேட்டு வந்தாங்க?" என்றார் மாஸ்டர்.

"நூத்திப் பத்து பேர். கடைசியில ரெண்டு பேர் மிஞ்சினாங்க." மாரிட்டா கைப்பையிலிருந்து இரண்டு கடிதங்களை எடுத்து வைத்தார். "ஒருத்தர் வோல்க்மார் ஸிங்க். இப்ப இருக்கற வீட்டோட சொந்தக்காரம்மா குடுத்த நற்சான்றை அவரே கொண்டு வந்தார். இன்னொருத்தி இல்கா பிரென்னர், நகராட்சிக் குளத்துல நீச்சல் சொல்லிக்குடுக்கற பொண்ணு. அவளைத்தான் எனக்குப் பிடிச்சது. எதுக்கும் இருக்கட்டும்னு அவ குடியிருக்கற வீட்டோட சொந்தக்காரருக்கு நானே எழுதிக் கேட்டேன். பதிலைப் பாருங்க!"

நான் உரக்கப் படித்தேன். ஸிங்க் பற்றியது நாலே வரி. 'திரு. ஸிங்க் பதினொரு வருடமாக எங்கள் வீட்டில் இருக்கிறார். வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் அவர் காட்டிய அக்கறையை மறக்கவே முடியாது. எந்த வீட்டுக்காரரும் அவரை உடனே சேர்த்துக்கொள்ளலாம். உடனே.'

இல்கா பற்றியது மூன்று முழுப் பக்கம். இராத்திரி பதினொரு மணிக்கு வாத்தியம் வாசிக்கிறாள். சண்டைக்காரி. அதற்கும் மேலாக, ஆறு வருஷத்தில் ஒரு தடவை கூட அவள் துடைப்ப வாரம் செய்ததில்லை!

"ஐயையோ," என்றேன், நிஜமாகவே அதிர்ந்து போய். எங்கள் ஊரில் துடைப்ப வாரம் விளையாட்டு விஷயமில்லை. 'துடைப்ப வாரம்' என்று எழுதிய சின்னப் பலகை எந்தக் கதவின் ஆணியில் தொங்குகிறதோ அந்தக் குடித்தனம் அந்த வாரம் மாடிப்படியைப் பெருக்கித் துடைக்க வேண்டும். முடித்ததும் பலகையை அடுத்த கதவில் மாட்ட வேண்டும். கட்டின பெண்டாட்டியை விட்டுவிட்டு ஓடிப்போனவனைக் கூட இந்த ஊர் மன்னித்துவிடும். துடைக்காத படியை மன்னிக்காது.

"அதான் ஸிங்க்குக்கே குடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன். இன்னிக்கு நாலு மணிக்கு என் வீட்ல கையெழுத்து. ஆனா மனசு கேக்கல," என்றார் மாரிட்டா.

மாஸ்டர் மூன்று பக்கக் கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நான்கு வரிக் கடிதத்தைத் தொடக்கூட இல்லை.

"புது வீட்டுக்காரங்களுக்கு முதல் விதி," என்றார். "காகிதத்தை நம்பாதீங்க. ஆளு இப்ப இருக்கற வீட்டுக்குப் போய் மாடிப்படியில நின்னு பாருங்க. டில்மான், எந்திரி."

"மாஸ்டர், நீங்க வர லேட்டானா நான் என்ன பண்றது?" என்று மாரிட்டா பதறினார்.

"பேனாவுல மை வரலன்னு சொல்லுங்க."

*

இல்கா பிரென்னரின் வீடு மேட்டின் உச்சியில். எங்கள் ஊரைக் கட்டியவனுக்கு நேர்த்தெரு போடத் தெரியாது, படிதான் கட்டத் தெரியும். முதலில் ஒரு நல்ல சாப்பாடு, அப்புறம்தான் படி என்று நான் பிடிவாதம் பிடித்ததில் கிளம்பும்போதே மணி இரண்டரை. நூற்றெண்பதாம் படியில் எனக்கு மூச்சு போயிற்று. மாஸ்டர் விசிலடித்துக்கொண்டே போனார்.

"மூணு பக்கம், டில்மான். மூணு பக்கம்!"

"பாவம் அந்த வீட்டுக்காரர். கை வலிச்சிருக்கும்."

"உன்னை வேலைக்கு வச்சேன் பாரு," என்றார் மாஸ்டர்.

வாசலிலேயே வீட்டுக்காரர் எகோன் ரைஷ்லே நின்றிருந்தார். எழுபது வயசு, உருண்டை முகம். கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் ஓடி வந்து அதிர்ஷ்டத்துக்காக மாஸ்டரின் பித்தான் ஒன்றைத் திருகிக்கொண்டார். புகைபோக்கிக்காரரைக் கண்டால் எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். மாஸ்டர் வாரம் ஒரு பித்தான் தைக்கிறார்.

"இல்கா பிரென்னர் பத்தி விசாரிக்க வந்தோம்," என்றார் மாஸ்டர்.

ரைஷ்லேயின் முகம் உடனே சோகமாயிற்று. "கேக்காதீங்கம்மா! பேய்! சரியான பேய்!"

"வாத்தியம் வாசிப்பாளாமே. என்ன வாத்தியம்?"

"ட்ரம்பெட்!"

முதல் மாடிக் கதவு திறந்தது. பீலர் அம்மாள் எட்டிப் பார்த்தார். "இல்காவைப் பத்தியா? அந்த அக்கார்டியன் சத்தம் இருக்கே, தலைவலி மாத்திரை தின்னே என் வயிறு கெட்டுப் போச்சு!"

இரண்டாம் மாடியிலிருந்து செருப்பு சரசரக்க கியூப்ளர் என்ற மனிதர் இறங்கி வந்தார். அவர் வெகுளி மனிதர், சட்டென்று கற்பனை வராது. "வாத்தியம்தானே... டிரம்ஸ்," என்றார்.

"மூணையும் ஒண்ணா வாசிக்கறாளா? பேசாம வாடகை வாங்காம டிக்கெட் போடலாமே!" என்றேன்.

ரைஷ்லே இருமினார். பீலர் அம்மாள் கியூப்ளரை முறைத்தார். மாஸ்டர் மட்டும் யாரையும் பார்க்காமல் குனிந்து படியைப் பார்த்தார். என்ன படி! மரம் பளபளவென்று மின்னியது. என் பிரெட்சலை மாரிட்டா உட்கார்ந்த நாற்காலியில் வைத்ததற்குப் பதில் இந்தப் படியில் வைத்திருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கலாம்.

"மேல போய்ப் பாக்கலாமா ரைஷ்லே சார்? பூட்டின கதவைத் தொட மாட்டேன்," என்றார் மாஸ்டர். போகும்போதே என் பக்கம் திரும்பி, "குடித்தனக்காரர் இல்லாதப்ப சொந்த வீடா இருந்தாலும் உள்ள நுழையக் கூடாது. முதல் விதி," என்றார்.

மாஸ்டரிடம் இரண்டாம் விதி என்று ஒன்று இருந்து நான் பார்த்ததே இல்லை.

அந்த வீட்டில் நான்கு கதவுகள். நான்கிலும் பலகை மாட்ட ஆணி உண்டு. ரைஷ்லேயின் ஆணியில் நாய்ச் சங்கிலி தொங்கியது. பீலர் அம்மாளின் ஆணியில் கிறிஸ்துமஸ் மலர் வளையம். ஏப்ரல் மாசத்தில், இலையெல்லாம் உதிர்ந்து எலும்பும் தோலுமாக. கியூப்ளரின் ஆணியில் ஒரு சிலந்தி பிள்ளை குட்டிகளோடு குடித்தனம் நடத்தியது. மூன்றாம் மாடி, இல்காவின் பச்சைக் கதவு. அதில் துடைப்பப் பலகை.

மாஸ்டர் பலகையை மெல்லத் தூக்கினார். மாடி ஜன்னல் வெயிலில் கதவு முழுக்க வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. பலகைக்கு அடியில் மட்டும் பலகை அளவுக்கே ஒரு சதுரம், நேற்று பூசிய மாதிரி பச்சை.

"பலகை இங்கேருந்து நகர்ந்து வருஷக்கணக்காச்சு," என்றார் மாஸ்டர்.

"அதைத்தானே நானும் எழுதினேன்!" என்று ரைஷ்லே துள்ளினார். "அவ துடைக்கறதே இல்ல. முடிச்சாத்தானே அடுத்த கதவுக்குப் போகும்? அதான் அங்கயே தொங்குது!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிழவர் சொல்வது நியாயமாகத்தான் பட்டது. மாஸ்டர் தோற்றுவிட்டார் என்றே நினைத்தேன்.

"ரொம்ப சரி," என்றார் மாஸ்டர். "அப்ப இந்தப் படியைத் துடைக்கறது யாரு?"

"நான்தான்," என்றார் ரைஷ்லே.

"நாங்கதான்," என்றார் பீலர் அம்மாள் அதே நொடியில்.

"எல்லாரும்," என்றார் கியூப்ளர்.

"ரொம்ப சந்தோஷம். துடைப்பத்தைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்களேன்."

யாரும் நகரவில்லை. ரைஷ்லே நிலவறையைக் கை காட்டினார். பீலர் அம்மாள் மேலே பரணைக் காட்டினார். கியூப்ளர் இரண்டுக்கும் நடுவில் திருதிருவென்று விழித்தார். சொந்த வீட்டில் துடைப்பம் எங்கே இருக்கிறது என்று நாலு கதவில் மூன்று கதவுக்குத் தெரியவில்லை!

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ரைஷ்லே அப்படியே அந்தப் பளபளப்பான படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார்.

"அவ போயிட்டா நாங்க என்ன பண்ணுவோம்மா? எனக்குக் கால் உடைஞ்சப்ப ஒரு வாரம் என் முறையைச் செஞ்சா. அப்புறம் பீலர் அம்மாவுக்கு முதுகு வலி..."

"நிஜமாவே வலிச்சது," என்றார் பீலர் அம்மாள்.

"ஆறு வருஷமாவா?" என்றேன்.

"முதல் வருஷம்," என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

"பலகை அவ கதவுலயே இருந்துடுச்சு," என்று ரைஷ்லே மூக்கைச் சிந்தினார். "அவ ஒண்ணும் கேக்கல. நாங்களும் ஒண்ணும் சொல்லல. இப்ப வீடு மாறப் போறேன்னு சீட்டு குடுத்துட்டா. வேற எங்கயும் வீடு கிடைக்கலன்னா இங்கயே இருந்துடுவாளேன்னு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதினோம். அவளை மாதிரி ஒரு பொண்ணு கோடியில ஒருத்திம்மா!"

"அவகிட்ட வாத்தியம் ஏதாவது இருக்கா?"

"ஒரு விசில் இருக்கு. குளத்துக்கு எடுத்துட்டுப் போவா," என்றார் கியூப்ளர்.

மாஸ்டர் கடிதத்தை மடித்துக் கோட்டுக்குள் வைத்தார். "ஒரு ஆளு தொலைஞ்சாப் போதும்னு நினைக்கற வீட்டுக்காரர் எவராவது மூணு பக்கம் திட்டி எழுதுவாரா டில்மான்? அப்புறம் யாரு அவளைச் சேர்த்துப்பா? அவரே வச்சுக்கிட்டு மாரடிக்கணும். ஆளை விட மனசில்லாதவன்தான் திட்டுவான்."

"அப்படின்னா..." சட்டைப் பையிலிருந்து ஸிங்க்கின் கடிதத்தை எடுத்தேன். "தலையில தூக்கி வச்சுப் புகழ்ந்து எழுதினவங்க?"

"இப்பத்தான் உனக்குச் சம்பளம் குடுக்கலாம்னு தோணுது. நம்பரைப் போடு."

ஸிங்க்கின் நற்சான்றுக் கடிதத்தின் கீழே இருந்த எண்ணை அழைத்தேன். முதல் மணியிலேயே ஒரு பெண் குரல்.

"வணக்கம்மா. ஸிங்க் சார் விஷயமா..."

"கையெழுத்துப் போட்டுட்டாரா?" மூச்சே விடாமல் கேட்டாள்.

"இன்னும் இல்ல. நாலு மணிக்கு."

"ஐயோ, இன்னும் அரை மணி இருக்கே! கேபார்ட், பாட்டிலைத் திறக்காத! இன்னும் போடலயாம்!" பிறகு என்னிடம் தேனாகக் குழைந்தாள். "தங்கமான மனுஷன் தம்பி. அவர் எங்களுக்கு எழுதின நானூத்திப் பதினாறு புகார் கடிதத்தையும் நம்பர் போட்டு அடுக்கி வச்சிருக்கோம். எல்லாம் எவ்வளவு அழகான கையெழுத்து தெரியுமா!"

*

மணி மூன்று முப்பத்தைந்து. மாரிட்டாவுக்கு போன் போட்டேன். என் கோட்டுப் பையிலேயே ஒரு போன் அடித்தது. காலையில் நாற்காலியில் நசுங்கிக் கிடந்த பிரெட்சலோடு சேர்த்து அந்த அம்மாளின் போனையும் அள்ளிப் பையில் போட்டிருக்கிறேன்.

மாஸ்டர் சொன்ன வார்த்தையை இங்கே அச்சடிக்க முடியாது. ஓடினோம்.

பாதிப் படியில், ஈரத் தலையும் தோளில் பையுமாக மேலே ஏறி வந்த ஒரு பெண்ணின் மேல் நான் போய் முட்டினேன். கழுத்தில் விசில்!

"இல்கா பிரென்னரா?" என்று மாஸ்டர் கத்தினார்.

"ஆமா, நீங்க?"

"உனக்கு வீடு வேணுமா வேணாமா? வேணும்னா ஓடு!"

அந்தப் பெண் ஒரே ஒரு நொடி யோசித்துவிட்டு ஓடி வந்தாள். ஓடிக்கொண்டே நான் கதையைச் சொன்னேன். ட்ரம்பெட், அக்கார்டியன் வரைக்கும் சிரித்தாள். மூன்று பக்கம் என்றதும் அவள் முகம் சுருங்கிவிட்டது.

"பதினேழு வீட்ல எனக்கு இல்லன்னு சொல்லிட்டாங்க. காரணமே புரியல. எங்கிட்டதான் ஏதோ குறைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்," என்றாள்.

இன்னும் வேகமாக ஓடினேன்.

மாரிட்டாவின் வாசல் கதவைத் திறந்தபோது மணி நாலு பன்னிரண்டு. ஸிங்க், மெலிந்து நெடுநெடுவென்று, மாடிப்படியில் மண்டியிட்டு ஒவ்வொரு படியையும் டேப்பால் அளந்துகொண்டிருந்தார். மேசையில் ஒப்பந்தம். மாரிட்டா கையில் பேனாவோடு வேர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

"இதுலயும் மை வரல," என்றார் தீனமாக.

"இது நாலாவது பேனா. இன்னும் ரெண்டு இருக்கு," என்றார் ஸிங்க். "அப்புறம், அஞ்சாவது படி மத்த படியை விட நாலு மில்லிமீட்டர் உயரம் அதிகம். குறிச்சு வச்சுக்கறேன்."

"மாரிட்டா அம்மா, பேனாவைக் கீழ வைங்க," என்றார் மாஸ்டர். "நானூத்திப் பதினாறு."

"என்னது அது?"

"இந்த சார் இப்ப இருக்கற வீட்டோட சொந்தக்காரம்மாவுக்கு எழுதின புகார் கடிதம். நாலு மில்லிமீட்டர்தான் நானூத்திப் பதினேழாவது."

மாரிட்டா பேனாவை வைத்த வேகத்தில் மேசை குலுங்கியது. "வீடு உங்களுக்கு இல்ல சார். மன்னிச்சுக்கோங்க," என்றார். ஒப்பந்தத்தை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

ஸிங்க் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "காரணத்தை எழுத்து மூலமாக் குடுங்க."

"மூணு பிரதி அனுப்பறோம்," என்று கதவைத் திறந்துவிட்டேன்.

அவர் போனதும் மாஸ்டர் நடந்ததையெல்லாம் சுருக்கமாகச் சொன்னார். பச்சைச் சதுரம், சிலந்தி, காணாமல் போன துடைப்பம். கேட்கக் கேட்க மாரிட்டாவின் காது சிவந்தது.

"உன்னைத்தான் எனக்குப் பிடிச்சது. ஆனா காகிதத்தை நம்பிட்டேன்," என்றார் இல்காவிடம்.

"எனக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கணும். எனக்கு இந்த வேலை புதுசும்மா. தப்புதான்."

இல்கா மாடிப்படியைப் பார்த்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இங்க துடைப்ப வாரம் எப்படி?"

"எப்படின்னா? ரெண்டே கதவு. ஒரு வாரம் நீ, ஒரு வாரம் நான்."

"பலகை நிஜமாவே உங்க கதவுக்கு வருமா?"

"வராம? என் வாரத்தை நீ எதுக்குச் செய்யணும்? எனக்கென்ன கை இல்லையா?" என்றார் மாரிட்டா, கொஞ்சம் கோபமாகவே.

இல்காவின் கண் நிறைந்துவிட்டது. ஆறு வருஷமாக அவளிடம் யாரும் இதைச் சொன்னதில்லை. நான் பையில் கைக்குட்டையைத் தேடினேன்; காலையில் கொடுத்தது திரும்பி வரவே இல்லை. என் சட்டைக் கையை நீட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே தன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சாவியைக் கையில குடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுத்து ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. முதல் விதி," என்றார் மாஸ்டர்.

"சரி மாஸ்டர். நாளையிலேருந்து முதல் வாரம் என்னுது," என்றார் மாரிட்டா.

"அதெப்படி? புதுசா வர்றவங்கதான் முதல் வாரம் செய்யணும். எங்கயும் அதான் வழக்கம்," என்றாள் இல்கா.

"இது என் வீடும்மா. முதல்ல வந்தவ நான்."

"நான் கையெழுத்துப் போட்டா கீழ் வீடு என்னுது. படி கீழேருந்துதான் ஆரம்பிக்குது."

"துடைக்கறது மேலேருந்துதான் ஆரம்பிக்கணும்! படி துடைக்கத் தெரியுமா உனக்கு?"

"எனக்கா? எனக்கா தெரியாது?"

மாரிட்டா முதல் படியில் ஏறி இடுப்பில் கை வைத்துக்கொண்டார். இல்காவும் வைத்துக்கொண்டாள். குரல் ஏறிக்கொண்டே போயிற்று. நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று மாரிட்டா பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். தாம் நிற்கும் படியைக் குனிந்து பார்த்தார். எதிரே மூச்சிரைக்க நிற்கும் பெண்ணைப் பார்த்தார்.

"ஐயோ," என்றார். "இந்த மாடிப்படியில முதல் சண்டை எப்படி வருமோ, எப்படி வருமோன்னு இருபத்திரண்டு நாளாப் பயந்து செத்தேன். இதானா அது?"

இல்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு மாரிட்டாவுக்கு. இருவரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சிரித்து ஓயக் கால் மணி நேரம் ஆயிற்று, அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட முடிந்தது.